நூறு வரைக்கும் சொல்லுகிற பிள்ளைக்கு நாலு சிப்பி எடுக்கத் தெரியுமா?

போன சித்திரை விடுமுறையில் திருகோணமலை உப்புவெளியில் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகளுக்கு மூன்றரை வயது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பழைய ஐஸ்கிறீம் பெட்டியொன்றில் போட்டுக் குலுக்கிக்கொண்டு நின்றாள். "பெரியம்மாவுக்கு நம்பர் சொல்லிக் காட்டுங்கோ மகள்" என்று தாய் சொன்னதும் பெட்டியைக் கீழே வைத்தாள், கையைக் கட்டி நிமிர்ந்து நின்றாள், ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் சொல்லி முடித்தாள். எல்லோரும் கை தட்டினோம். நானும் மனதாரத் தட்டினேன். அந்த வயதில் அது சின்ன விசயமில்லை.

பிறகு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, "பெரியம்மாவுக்கு நாலு சிப்பி தருவீங்களோ?" என்று கேட்டேன். இரண்டு கையாலும் அள்ளி என் மடியில் கொட்டினாள். பதினொரு சிப்பி. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். தாயின் முகம்தான் வாடிவிட்டது. "எல்லாம் தெரியும் அக்கா, இண்டைக்கு விளையாட்டுப் புத்தியில நிக்கிறா."

பிள்ளை ஒரு பிழையும் விடவில்லை. அந்த வயதில் எத்தனையோ பிள்ளைகள் நிற்கிற இடத்தில்தான் அவளும் நிற்கிறாள். "எண்ணத் தெரியும்" என்ற ஒரே சொல்லை வேறுவேறு திறமைகளுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்புவது நாங்கள். திருகோணமலையில் முன்பள்ளிப் பிள்ளைகளோடு இருபது வருடம் கழித்தவள் நான். தொடக்க வருடங்களில் நானும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நூறு வரை சொல்ல வைத்தேன். அதையே கணிதம் என்று நம்பினேன். அந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. அதனால் அன்று தங்கச்சிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பஸ் போகும் ஊர்களின் பெயர்

புல்மோட்டை பஸ்ஸின் வாசலில் நின்று நடத்துநர் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். "சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை!" பஸ் நிலையத்தடியில் கடை வைத்திருப்பவரின் பிள்ளை அதை ஒரு கிழமையில் ராகத்தோடு பாடமாக்கிவிடும். ஆனால் நிலாவெளியில் இறங்க வேண்டிய ஆள் இறக்கக்கண்டி வந்தபின் எழும்பினால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. எந்த ஊர் கிட்ட, எந்த ஊர் எட்ட என்பதும் தெரியாது. அதன் வாயில் இருப்பது பெயர்களின் பாட்டு மட்டும்தான்.

எண் பெயர்களும் பிள்ளையிடம் முதலில் அப்படித்தான் வந்து சேர்கின்றன. எண் பெயர்களைச் சரியான வரிசையில் வாயால் சொல்லுவதை இந்தக் கட்டுரையில் ஒப்புவித்தல் என்று அழைப்போம். அந்தப் பெயர்களைப் பொருட்களின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தி, கடைசியில் "இத்தனை" என்று அறிந்துகொள்ளுவது எண்ணுதல்.

ஒப்புவித்தலைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. பெயர் வரிசை தெரியாமல் எண்ணவே முடியாது. பாட்டாக, கைதட்டாக, ஊஞ்சல் ஆட்டத்தோடு அதைச் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் கரைச்சல்.

கை, கண், வாய்

1978ஆம் ஆண்டு ரோஷல் ஜெல்மன், காலிஸ்டெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், சின்னப் பிள்ளை ஒன்றைச் சரியாக எண்ணி முடிப்பதற்குள் ஐந்து விதிகள் ஒளிந்திருக்கின்றன என்று எழுதினார்கள். பெரியவர்களுக்கு அவை மூச்சுவிடுவதைப் போல் ஆகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை.

முதலாவது, ஒன்றுக்கு ஒன்று: ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒன்றையும் விடாமல், எதையும் இரண்டு தரம் தொடாமல். இது எவ்வளவு கடினம் என்று பார்க்க வேண்டுமென்றால் பிரெட்றிக் கோட்டையடிக்குப் போய் அங்கே மேய்கிற புள்ளிமான்களை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எட்டு என்று சொல்லும்போது மூன்றாவது மான் நடந்து வந்து ஒன்பதாவது மானுக்குப் பின்னால் நிற்கும். எண்ணியது எது, எண்ணாதது எது என்று பிரித்து வைத்திருக்க முடியாமல் நீங்களே கை விட்டுவிடுவீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மேசையில் அசையாமல் கிடக்கிற சிப்பிகளும் அந்த மான்களைப் போலத்தான். விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் இன்னொரு வேகத்தில் போகும். அதனால்தான் சிப்பியை வெறுமனே தொட்டு எண்ணுவதை விட, எடுத்து இன்னொரு பாத்திரத்தில் போட்டுப் போட்டு எண்ணுவது பிள்ளைக்கு லேசு. எண்ணிய மான் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

இரண்டாவது, நிலையான வரிசை. "ஒண்டு, ரெண்டு, மூண்டு, அஞ்சு, எட்டு" என்று ஒவ்வொரு நாளும் அதே மாதிரிச் சொல்லுகிற பிள்ளை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல் பிழை. ஆனால் பெயர்கள் மாறாத ஒழுங்கில் வர வேண்டும் என்ற விதி அந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. இன்றைக்கு ஒரு ஒழுங்கு, நாளைக்கு வேறொரு ஒழுங்கு என்று சொல்லுகிற பிள்ளையை விட அது ஒரு படி மேலே நிற்கிறது. பட்டியலைத் திருத்துவது பெரிய வேலையில்லை.

மூன்றாவது விதிக்குத் தனியாக இடம் வேண்டும், வருகிறேன். மற்ற இரண்டும் சின்னவை: எதையும் எண்ணலாம், சிப்பியையும் எண்ணலாம், கைதட்டலையும் எண்ணலாம், இடப்பக்கமிருந்து தொடங்கினாலும் வலப்பக்கமிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது.

கன்னியாவின் ஏழாவது கிணறு

கன்னியா வெந்நீரூற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்று ஐதீகம் சொல்லுகிற ஏழு கிணறுகள், சின்னச் சின்னச் சதுரமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில். ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு வாளியோடு போய்க் குளிப்போம். நாலு வயதுக்குக் கிட்டிய ஒரு பிள்ளையோடு போனபோது ஒவ்வொரு கிணற்றுக் கட்டையும் தொட்டுத் தொட்டு எண்ண விட்டேன். அழகாக எண்ணியது. ஒன்று... இரண்டு... கடைசிக் கட்டில் கையை வைத்து "ஏழு" என்றது. "அப்ப எத்தனை கிணறு இருக்கு?" என்று கேட்டேன்.

பிள்ளை திரும்ப முதலாவது கிணற்றுக்கு ஓடிப்போய், "ஒண்டு, ரெண்டு..." என்று தொடங்கியது.

பொறுமையில்லாத ஆளுக்கு அது விளையாட்டுத்தனமாகப் படும். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு "ஏழு" என்பது கடைசிக் கிணற்றின் பெயர். சாம்பல்தீவு, நிலாவெளி மாதிரி. கடைசியாகச் சொன்ன பெயர் அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் சொந்தமில்லை, எல்லாக் கிணறுகளையும் சேர்த்த கூட்டத்துக்கும் உரியது என்ற திருப்பம் இன்னும் நடக்கவில்லை. "எத்தனை?" என்ற கேள்வி அதன் காதில் "எண்ணு" என்ற ஏவலாகவே விழுகிறது. அதனால் சொன்னதைச் செய்கிறது.

அந்தத் திருப்பத்தைத் தொகையறிவு என்று சொல்லலாம்: எண்ணி முடிக்கும்போது வாயில் வந்த கடைசி எண்தான் முழுக் கூட்டத்தின் அளவு என்ற அறிவு. நான் தள்ளிவைத்த மூன்றாவது விதி இதுதான், ஐந்து விதிகளிலும் சாவியும் இதுதான். இது வராத பிள்ளைக்கு "மூன்றும் இரண்டும் ஐந்து" என்பது இன்னொரு பாட்டு வரி மட்டுமே. கூட்டலை எவ்வளவு பாடமாக்கினாலும் அது ஒட்டாது.

தொகையறிவு வந்துவிட்டதா என்று பார்க்க நான் உப்புவெளியில் கேட்ட கேள்விதான் வழி: "நாலு தா." எண்ணச் சொல்லாமல், கேட்ட அளவை எடுத்துத் தரச் சொல்லுவது. கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் இந்த முறையால் கண்டது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. பிள்ளைகள் முதலில் "ஒன்று" என்றால் என்ன என்று அறிகிறார்கள். ஒன்று கேட்டால் ஒன்று தருவார்கள், வேறு எதைக் கேட்டாலும் அள்ளித் தருவார்கள். மாதங்கள் கழித்து "இரண்டு" பிடிபடுகிறது. இன்னும் மாதங்கள் கழித்து "மூன்று". அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஏறுவதில்லை. எண்ணுதலின் சூட்சுமம் முழுவதும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளுகிறது. ஐந்து கேட்டாலும் ஆறு கேட்டாலும் எண்ணி எடுத்துத் தருகிறார்கள். இரண்டரை வயதிலிருந்து நாலு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இந்த வழியால் நடக்கிறார்கள். சிலர் முந்துவார்கள், சிலர் பிந்துவார்கள்.

இதுவரை சொன்னது: பெயர் வரிசையைச் சொல்லுவது ஒப்புவித்தல். ஒரு பொருளுக்கு ஒரு பெயராகப் பொருத்துவது எண்ணுதலின் தொடக்கம். கடைசிப் பெயர் முழுக் கூட்டத்தையும் குறிக்கிறது என்று அறிவது தொகையறிவு. நூறு வரை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு "மூன்று" வரைக்கும்தான் தொகையறிவு இருக்கலாம். அது குறைபாடில்லை, வழியில் ஒரு தரிப்பிடம்.

கூறு போட்ட மீன்

மீன் கடையில் மீனைக் கூறு கூறாகக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு கூறில் மூன்று பெரிய மீன் கிடந்தால் நீங்கள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுவதில்லை. பார்த்தவுடன் மூன்று. பத்துப் பன்னிரண்டு கிடந்தால் எண்ணத்தான் வேண்டும். மூன்று, நாலு வரைக்கும் எண்ணாமலே கண்ணுக்கு எட்டுகிற இந்தத் திறமையைக் கண்டவுடன் அறிதல் என்போம்.

சின்னப் பிள்ளைக்கும் இது உண்டு, சின்ன அளவில். இது எண்ணுதலுக்கு முட்டுக்கொடுக்கிறது. பிள்ளை "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணி முடிக்கும்போது கண் முன்னமே "மூன்று" என்று பார்த்துவிட்டது. வாயில் வந்த கடைசிச் சொல்லும் கண் கண்ட அளவும் ஒன்றாக நிற்கின்றன. அப்படிப் பலதரம் நின்றால்தான் தொகையறிவு முளைக்கும். அதனால் தொடக்கத்தில் இருபது பொருளைக் கொட்டி எண்ண வைப்பதில் பயனில்லை. இரண்டு, மூன்று, நாலு. இரண்டு இடியப்பம், மூன்று செருப்பு, நாலு பூனைக்கால். சின்ன எண்களில் நீண்ட காலம் நில்லுங்கள். அவசரப்படுகிற தாய்மாருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லுவது இதைத்தான்.

பாயில் பரப்பிய நெத்தலி

கருவாட்டுக்கு நெத்தலி காயப் போட்டிருப்பதைப் பாருங்கள். கூடையில் இருந்தபோது ஒரு கூடை. பாயில் பரப்பினால் வாசல் நிறைய. மீன் கூடவில்லை, இடம்தான் கூடியது. எங்களுக்கு அது தெரியும். பிள்ளைக்கு?

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே இரண்டு வரிசைகளில் ஒரே எண்ணிக்கையான பொருட்களை எதிரெதிரே அடுக்கினார். பிள்ளை இரண்டும் சமம் என்றது. பிறகு ஒரு வரிசையை மட்டும் இழுத்து நீளமாக்கிவிட்டுக் கேட்டார். நாலைந்து வயதுப் பிள்ளைகள் பலர் "நீளமானதில் கூட" என்றார்கள். அடுக்கை மாற்றினாலும் எண்ணிக்கை மாறாது என்ற அறிவுக்கு எண்ணிக்கை மாறாமை என்று பெயர். அது ஆறு ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது என்று பியாஜே முடிவு செய்தார்.

1970களில் எடின்பரோவில் மக்கரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் அதையே சின்ன மாற்றத்தோடு செய்து பார்த்தார்கள். வரிசையை ஆய்வாளர் கலைக்காமல், ஒரு குழப்படிக்காரக் கரடிப் பொம்மை வந்து "கலைத்துவிட்டது". இப்போது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் "ரெண்டும் ஒண்டுதான்" என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு முன்பு கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், "என்னவோ மாறியிருக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறார்" என்று பிள்ளை நினைக்கிறது. பொம்மை கலைத்தால் அந்தச் சந்தேகம் எழுவதில்லை.

எனக்கு இதில் பெரிய பாடம் இருந்தது. நாங்கள் "எத்தனை?" என்று கேட்டு, பிள்ளை சரியாகச் சொன்னபிறகும் பக்கத்து வீட்டாருக்குக் காட்ட "வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ, எத்தனை?" என்று மறுபடி கேட்கிறோம். பிள்ளை விடையை மாற்றிவிடும். தெரியாமல் மாற்றவில்லை, எங்களுடைய முகத்தைப் படித்து மாற்றுகிறது. சோதனைக் கேள்வியாகக் கேட்டால் ஒளிந்துகொள்ளுகிற அறிவு, விளையாட்டுக்குள் வெளியே வருகிறது.

விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது

"விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்" என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். பலருக்கு அது, அப்பியாசக் கொப்பியில் முயல் படம் ஒட்டுவது என்று ஆகிவிட்டது. முயல் படத்தின் கீழே பிள்ளை எண்ணி எழுதினாலும், பிழையாக எண்ணினால் முயலுக்கு ஒன்றும் நடக்காது. ரீச்சர் சிவப்புப் பேனையால் கோடு போடும் வரைக்கும் பிழை பிழையாகவே தெரியாது.

பல்லாங்குழியை எடுங்கள். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, மொத்தம் 14 குழி. புளியங்கொட்டையோ சோகியோ கையில் அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒரு குழியில் இரண்டு விழுந்தால் எதிரில் இருக்கிற அண்ணன் விடுவானா? ஒன்றுக்கு ஒன்று என்ற விதியை அங்கே ஆட்டமே காவல் காக்கிறது. பெரியவர் திருத்தத் தேவையில்லை. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டிய தேவை பிள்ளைக்கே வந்துவிடுகிறது. ஒரு மாலைப் பொழுதில் நூறு தடவை அந்த வேலையைச் செய்தும் களைக்காமல் "இன்னொருக்கா" என்று கேட்கும்.

இன்னொரு விளையாட்டின் பலனை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர், வசதி குறைந்த குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகளோடு 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு நேர்கோட்டில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள். ஒன்றோ இரண்டோ விழும், அத்தனை கட்டம் நகர வேண்டும். இரண்டு கிழமைக்குள் நாலு தடவை, தடவைக்கு ஏறத்தாழ 15 நிமிடம். அவ்வளவுதான். இன்னொரு கூட்டம் பிள்ளைகள் அதே ஆட்டத்தை எண் இல்லாமல், நிறம் தீட்டிய கட்டங்களில் ஆடினார்கள். எண் கட்டத்தில் ஆடியவர்களுக்கு எது பெரிய எண், எது எங்கே வரும் என்ற உணர்வு தெளிவாகக் கூடியிருந்தது. ஒன்பது கிழமை கழித்துப் பார்த்தபோதும் அது நின்றது. நிறக் கட்டத்தில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஏன்? அந்தக் கோட்டில் எட்டுக்குப் போக மூன்றுக்குப் போவதை விடக் கூடுதல் நேரம் எடுக்கும். கை கூடுதல் தூரம் நகரும். வாய் கூடுதல் எண்களைச் சொல்லும். "பெரிய எண்" என்பது கண்ணிலும் கையிலும் காதிலும் ஒரே சமயத்தில் பெரிதாக வருகிறது. நேர்கோட்டை வட்டமாக்கி ஆடியபோது அந்தப் பலன் குறைந்தது.

இதைச் செய்யக் காசு தேவையில்லை. டச் பே கடற்கரை மணலில் ஒரு தடியால் பத்துக் கட்டம் கீறுங்கள், இடமிருந்து வலமாக எண்களைப் போடுங்கள். ஆளுக்கு ஒரு சிப்பி. காசு சுண்டித் தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு. ஒரு விசயத்தை மட்டும் கவனியுங்கள். பிள்ளையின் சிப்பி நாலில் நிற்கும்போது இரண்டு விழுந்தால் "ஒண்டு, ரெண்டு" என்று நகர்த்த விடாமல், கட்டத்து எண்ணைச் சொல்லி "அஞ்சு, ஆறு" என்று நகர்த்தப் பழக்குங்கள். நின்ற இடத்திலிருந்து மேலே எண்ணுவதற்குத் தொடர்ந்து எண்ணல் என்று பெயர். கூட்டல் பிறக்கிற இடம் அது. நான் இதைச் சொல்லிக் கொடுத்த முதல் நாள் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நீங்கள் உங்கள் முறைக்கு அப்படியே உரத்துச் சொல்லி ஆடினால் போதும், இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்ளுவார்கள்.

பாம்பும் ஏணியும் பலகையைச் சின்னப் பிள்ளைக்கு நான் கொடுப்பதில்லை. நூறு கட்டம், வரிக்கு வரி திசை மாறும், பாம்பு வேறு கடித்து இறக்கும். எண் வளருகிற வழியே அதில் தொலைந்துவிடுகிறது. ஆறு வயதுக்கு மேல் ஆடட்டும்.

கொக்கான்

அம்மம்மாமார் வெட்டிய கொக்கானில் கணிதம் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் நிலத்தில் கிடக்கிற நாலிலிருந்து எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக. அடுத்ததில் இரண்டிரண்டாக. அடுத்ததில் மூன்றும் ஒன்றும். பிறகு நாலையும் ஒரேயடியாக அள்ள வேண்டும்.

நாலு என்ற எண் எந்தெந்த வழியில் உடையும் என்பதை விரல்கள் செய்து பார்த்துவிட்டன. ஒரு எண் சின்ன எண்களாக உடைந்து மறுபடி சேரும் என்ற அறிவுக்குப் பகுதியும் முழுமையும் என்று பெயர். தரம் 1, தரம் 2இல் கூட்டல் கழித்தலில் திணறுகிற பிள்ளைகளில் பலருக்கு இல்லாதது இதுதான். "ஏழிலிருந்து மூன்று போனால்?" என்று கேட்டால் விரல்களை முதலிலிருந்து மடக்குவார்கள், ஏழுக்குள் மூன்றும் நாலும் இருப்பது தெரியாது.

எறிந்து பிடிக்க நாலு வயதுக் கைக்கு முடியாது. அதற்கு நான் செய்வது: ஐந்து கல்லைக் காட்டிவிட்டு இரண்டு கையிலுமாக மறைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் திறப்பேன். மூன்று தெரியும். "மற்றக் கையில எத்தனை ஒளிச்சிருக்கு?" பிள்ளை என் மூடிய கையைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, இல்லாத கல்லைக் கண்ணால் எண்ணுகிற பார்வை, அதைப் பார்க்கவே இந்த வேலைக்கு இவ்வளவு காலம் போய் வந்தேன்.

சுருக்கமாக: பல்லாங்குழி ஒன்றுக்கு ஒன்று பொருத்தத்தைப் பழக்குகிறது, மணலில் கீறிய எண்கோடு தொடர்ந்து எண்ணலையும் எண்ணின் பருமனையும் பழக்குகிறது, கொக்கான் பகுதியையும் முழுமையையும் பழக்குகிறது.

எந்த மொழியில் எண்ணுவது

எங்கள் ஊரில் பிள்ளையின் காதில் மூன்று மொழியிலும் எண் விழுகிறது. முன்பள்ளிக்குச் சேர்க்கும்போது "வன், டூ, த்ரீ முதல் சொல்லிக் குடுங்கோ" என்று கேட்கிற பெற்றோர் கூடிவிட்டார்கள். என் பதில், வீட்டில் பேசுகிற மொழியில் முதலில் எண்ணட்டும் என்பதுதான். தொகையறிவு ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிகளில் பெயர்களை மட்டும் கற்றால் போதும்.

தமிழ் எண் பெயர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. பதினொன்று என்ற சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் கேட்கின்றன. பதின்மூன்றுக்குள் பத்தும் மூன்றும். இருபது என்றால் இரு பத்து. ஆங்கிலத்தின் இலெவனுக்குள்ளும் டுவெல்வுக்குள்ளும் பிள்ளையின் காதுக்குப் பத்து கேட்காது. பதினொன்றைப் "பத்து ஒன்று" என்றே சொல்லுகிற சீன மொழியில் வளரும் பிள்ளைகள், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை விடப் பத்துக்கு மேற்பட்ட பெயர்களை முந்திக் கற்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் சொற்களிலும் அந்தப் பத்து மறைந்திருக்கிறது. கொஞ்சம் நிறுத்தி, உடைத்துச் சொல்லிக் காட்டினால் பிள்ளைக்குக் கேட்கும்.

தமிழுக்கே உரிய மேடுபள்ளமும் இருக்கிறது. எண்பதைத் தாண்டினால் தொண்ணூறு, எண்ணூறைத் தாண்டினால் தொள்ளாயிரம். தொண்ணூறில் நூறு கேட்கிறது, ஆனால் நூறு இல்லை. எண்பத்தொன்பதுக்குப் பிறகு பிள்ளை "ஒன்பதுபது" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இருபது, முப்பது, எண்பது என்ற ஒழுங்கைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டு தான் கேட்டிராத சொல்லைத் தானே செய்திருக்கிறது. "நல்லா யோசிச்சிருக்கிறீங்க, நாங்கள் அதுக்குத் தொண்ணூறு எண்டு சொல்லுவம்" என்றால் போதும்.

வீட்டு வேலைக்குள்

அரிசி அளக்கும்போது சுண்டைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அளத்தல் அங்கேயே தொடங்குகிறது. கோயிலுக்கு மாலை கட்டும்போது இரண்டு பூ, ஒரு இலை, இரண்டு பூ, ஒரு இலை. அடுத்தது என்ன என்று கேளுங்கள். காய்ந்த உடுப்பை மடிக்கும்போது பெரியது சின்னதாகப் பிரிக்கட்டும்.

பிழை விடும்போது என்ன செய்வது என்றுதான் கூடுதலாகக் கேட்கிறார்கள். "பிழை" என்று சொல்லாமல், நீங்களே பிழையாக எண்ணிக் காட்டுங்கள். ஒரு சிப்பியை இரண்டு தரம் தொடுங்கள், ஒன்றை விட்டுவிடுங்கள், அல்லது ஒரு பொம்மையை எண்ண வையுங்கள். தான் சரியாக எண்ண முடியாத அளவையும் பிறர் பிழையாக எண்ணும்போது பிடித்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜெல்மன் தன் ஆய்வுகளில் பொம்மையைப் பிழையாக எண்ண வைத்துப் பார்த்ததும் இதைத்தான். "அம்மம்மா, இதை விட்டுட்டீங்க!" என்று கத்துகிற பிள்ளைக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விதி உள்ளே தெளிவாகிவிட்டது. இனிக் கையும் வாயும் ஒத்துப் போக வேண்டியதுதான் பாக்கி.

எண்களை எழுதுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. பென்சில் பிடிக்கக் கை முதிராத வயதில் கொப்பி நிறைய 5 எழுத வைப்பது விரலுக்கு நோவு. அதை மணலில் விரலால் எழுதலாம்.

தங்கச்சி இவ்வளவையும் கேட்டுவிட்டு, "எழுத்தே இல்லாமல் எப்படியக்கா" என்று முழு மனதில்லாமல்தான் தொடங்கினாள். பின்னேரங்களில் முற்றத்து மணலில் பத்துக் கட்டம் கீறி விளையாடுவதாக இடைக்கிடை போனில் சொல்லுவாள். நூறு வரைக்கும் சொல்லச் சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டாளாம்.

கார்த்திகை விளக்கீட்டுக்குப் போனேன். மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். வாசல்படிகளில் சிட்டி விளக்கு வைக்கிற வேலை பிள்ளைக்கு. முதலில் ஒரு சிட்டியைக் கொண்டுவந்து ஒரு படியில் வைத்தாள், உள்ளே ஓடினாள், இன்னொன்றைக் கொண்டுவந்து அடுத்த படியில் வைத்தாள். பின்பக்க வாசலுக்கும் வைக்க வேண்டும் என்று தாய் சொன்னதும் அங்கே போனாள். ஓடப் போனவள் நின்றாள். படிகளைப் பார்த்தாள். காலால் ஒவ்வொரு படியாக மிதித்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு" என்று மேலே ஏறினாள். பிறகு குசினி வாசலில் அவள் குரல் கேட்டது.

"அம்மா, அஞ்சு சிட்டி தாங்கோ."